தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்

லண்டனுக்கு ஆறு மாத வேலையாக வந்திருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி ஸ்பான்சர் செய்யும் விளையாட்டு விருது விருந்துக்கு, யாரோ வரமுடியாமல் போனதால், மேனேஜர் இரண்டு இருக்கையை உங்களுக்குக் கொடுத்துவிட்டார். பார்க் லேனில் பெரிய ஹோட்டல். அழைப்பிதழில் ‘பிளாக் டை’ என்று போட்டிருக்கிறது. மனைவி முட்டைகூடச் சாப்பிடாத சைவம். என்ன உடுத்துவது, எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது, வீரர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாமா, பரிசு யாருக்கு என்று அவர்களுக்கு முன்பே தெரியுமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘அங்கே போய் நாங்கள் ரெண்டு பேரும் முழிக்கக்கூடாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் கேட்டரிங் படித்துவிட்டு லண்டன் ஹோட்டல்களில் 16 வருடம் பாங்க்வெட், அதாவது பெரிய விருந்துகளை நடத்தும் பிரிவில் இருந்தவன். முதலில் தட்டு தூக்கினேன். கடைசி சில வருடங்கள் ஹால் முழுவதையும் பார்த்துக்கொண்டேன். கால்பந்து, கிரிக்கெட், குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம் என்று விருது விருந்துகள் எத்தனையோ. எல்லாவற்றையும் சமையலறைக் கதவுப் பக்கம் நின்று பார்த்தவன் நான். விருந்தினராக உட்கார்ந்தது ஒரே ஒரு முறை. அதனால் சாப்பாடு, நேரம், மேசை பற்றி நான் சொல்வதை அப்படியே நம்பலாம். உடை விஷயத்தில் ஓரளவு. தேர்வுக்குழு எப்படி யோசிக்கும் என்பதெல்லாம் நானும் உங்களைப் போல பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி தனி, மேடை தனி. மேடையில் யார் என்ன பேசினாலும் பந்தி பாட்டுக்கு நடக்கும். இங்கே அப்படியில்லை. பந்தியும் மேடையும் ஒரே கயிற்றில் கட்டியது. மேடையில் ஒருவர் பேச எழுந்தால் பரிமாறுவது நிற்கும். தட்டுகள் போய்க்கொண்டிருந்தால் மேடை காத்திருக்கும். அழைப்பிதழில் ‘7.00 ஃபார் 7.30’ என்று இருந்தால், ஏழு மணிக்கு வந்து கையில் ஒரு கிளாஸோடு நின்று பேசலாம், ஏழரைக்கு உட்காரக் கூப்பிடுவார்கள் என்று அர்த்தம். எல்லாரும் உட்கார்ந்து, வரவேற்புரை முடிந்து, முதல் தட்டு வர எட்டு மணி ஆகும். அது ஒரு கைப்பிடி அளவு இருக்கும். முக்கியத் தட்டு வர எட்டே முக்காலும் ஆகலாம், ஒன்பதரையும் ஆகலாம். அழைப்பிதழின் அடியில் ‘கேரேஜஸ்’ என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள். குதிரை வண்டிக் காலத்து வார்த்தை. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது, அவ்வளவுதான். ஆகவே என் முதல் அறிவுரை: சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிரிக்காதீர்கள். காலி வயிற்றில் இரண்டு கிளாஸ் ஷாம்பெயின் குடித்துவிட்டு முதல் தட்டு வருவதற்குள் தள்ளாடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊர்க்காரர்கள்தான்.

அந்தக் கயிறு எப்படி இழுபடும் என்பதற்கு ஒரு ராத்திரி சொல்கிறேன். ஆயிரம் பேர், பத்துப் பேர் மேசையாக நூறு மேசை. முக்கியத் தட்டு ஆட்டுக்கறி. இந்த அளவுக் கூட்டத்துக்கு அங்கங்கே அடுப்பில் வதக்கித் தரமுடியாது. மதியமே சமைத்து, தட்டில் அடுக்கி, குளிரவைத்து, தட்டோடு தள்ளுவண்டியில் ஏற்றி, குறித்த நேரத்தில் சூடேற்றுவார்கள். ஏற்றிய பிறகு நிறுத்திவைக்க முடியாது. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் என் ஆட்கள் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், கையில் துணி, துணி மேல் சுடச்சுடத் தட்டு. உள்ளே ஓய்வுபெற்ற ஒரு வீரர் வாழ்நாள் சாதனை விருது வாங்கிக்கொண்டு பேசுகிறார். நான்கு நிமிடம் என்று ஒதுக்கியிருந்தோம். பள்ளிக்கூட வாத்தியாரிலிருந்து ஆரம்பித்தார். பன்னிரண்டு நிமிடம் ஆகியும் இன்னும் இருபது வயதைத் தாண்டவில்லை. நான் கதவுக் கண்ணாடி வழியே கையைத் தூக்கியபடி நிற்கிறேன். கையை இறக்கினால்தான் வரிசை நகரும். செஃப் என் காதில் சொன்னதை இங்கே எழுதமுடியாது. உள்ளே ஜனங்கள் கண் கலங்கிக் கைதட்டுகிறார்கள், இந்தப் பக்கம் கறி காய்ந்துகொண்டிருக்கிறது. கடைசியில் தட்டு போனபோது எங்களைத் திட்டியவர்களும் உண்டு. அந்தப் பேச்சு மாதிரி ஒன்றை நான் கேட்டதே இல்லை என்பதும் உண்மை.

இப்போது உங்கள் மனைவியின் சாப்பாடு. இதை இன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன முறையில் சமைப்பதால் கடைசி நேர மாற்றம் மிகக் கஷ்டம். இருக்கை கொடுத்த மேனேஜரிடம் சொல்லி, நிகழ்ச்சி நடத்துபவருக்கு எழுதச் சொல்லுங்கள். ஹோட்டலுக்குப் பட்டியல் அவர் வழியாகத்தான் போகும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. இந்த ஊர் வெஜிடேரியனில் முட்டை உண்டு. விருந்தில் வழக்கமாக வரும் காளான் ரிசோட்டோவில் (குழைவான இத்தாலியச் சோறு) பார்மெசான் சீஸ் போடுவார்கள். அசல் பார்மெசானைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை ஊற்றித்தான் உறையவைக்கிறார்கள். தொட்டால் ஆடும் வெள்ளைப் புட்டிங் மாதிரி ஒன்று இனிப்பாக வந்தால் அதில் ஜெலட்டின் இருக்க வாய்ப்பு அதிகம், அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. என் யோசனை, ‘வீகன்’ என்று கேட்டுவிடுங்கள். பால், தயிர்கூட வராது, பரவாயில்லை, ஒரு ராத்திரிதானே. இன்னொன்று. இந்த நாட்டுச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். முட்டை, பால், மீன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டு ஜெலட்டின் கிடையாது. ஆகவே அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம், ஜெலட்டினைத் தனியாகக் கேளுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தரமாட்டார்கள். இருக்கையை மாற்றி உட்காராதீர்கள். பக்கத்தில் நண்பர் இருக்கிறார், கணவன் மனைவியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள் என்று பெயர் அட்டையை நகர்த்திவைப்பவர்கள் எல்லா விருந்திலும் உண்டு. பரிமாறுகிறவர் கையில் இருக்கும் தாளில் ‘மேசை 46, நான்காவது இருக்கை, வீகன்’ என்றுதான் இருக்கும். அவருக்கு உங்கள் மனைவியின் முகம் தெரியாது. அட்டையை நகர்த்தினால் வீகன் தட்டு ஒரு ரக்பி ஆட்டக்காரர் முன்னால் போய் உட்காரும். ஒரு முறை அப்படி உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன், பாவம், அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டார். நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கரண்டி விஷயத்துக்கு இத்தனை பயம் தேவையில்லை. வெளியிலிருந்து உள்ளே வாருங்கள், முடிந்தது. தட்டுக்குத் தலைமாட்டில் குறுக்கே கிடப்பது இனிப்புக்கு. நிஜமாகவே ஆட்கள் தடுமாறுவது ரொட்டியிலும் தண்ணீரிலும். வட்ட மேசையில் பத்துப் பேர் நெருக்கி உட்காரும்போது எந்த ரொட்டித் தட்டு என்னுடையது என்று குழப்பம் வரும். நம் இலையில் உப்பும் ஊறுகாயும் எந்தப் பக்கம்? இடது. ரொட்டியும் அங்கேதான். தண்ணீர் டம்ளர் வலது.  ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள், அதுதான் இங்கே முறை. நமக்கு அதுவும் சௌகரியம். சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்கிறோம் இல்லையா? அதற்குச் சமம், கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டின் மேல் வைப்பது. விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். ஆயிரம் தட்டைப் பத்து நிமிடத்தில் எடுக்கவேண்டியவன் அதை மட்டும்தான் பார்ப்பான். விரித்து வைத்துவிட்டு ‘ஏன் தட்டை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள்.

மது வேண்டாம் என்றால் கிளாஸைக் கவிழ்த்து வைக்காதீர்கள், ஊற்ற வரும்போது ‘வேண்டாம், நன்றி’ போதும். சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர் நடுவில் நின்று கணீரென்று அறிவிப்பார். அவர் டோஸ்ட்மாஸ்டர். அதற்கென்றே தொழிலாக இருப்பவர், ஹோட்டல் முதலாளி இல்லை. எங்கள் விருந்தினர் ஒருவர் அவரைப் பெரிய ராணுவ அதிகாரி என்று நினைத்து சல்யூட் அடித்துவிட்டார். அவர் எழச் சொன்னால் எழுங்கள், அரசர் பெயரைச் சொல்லிக் கிளாஸைத் தூக்கினால் தண்ணீர்க் கிளாஸைத் தூக்கினாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

உடை. ‘பிளாக் டை’ என்றால் கறுப்பு டை கட்டிய ஆபீஸ் சூட் என்று நினைத்து வருகிற நம்மவர்கள் உண்டு. அது இல்லை. பளபளக்கும் காலர் வைத்த டின்னர் ஜாக்கெட், வெள்ளைச் சட்டை, கறுப்பு வில் டை (‘போ டை’), கறுப்பு ஷூ. இந்தக் குட்டைக் கோட்டை 1865இல் வேல்ஸ் இளவரசருக்காகத் தைத்தது தாங்கள்தான் என்று லண்டன் தையற்காரர்கள் தெருவான சவில் ரோவின் ஹென்றி பூல் தையற்கடை சொல்லிக்கொள்கிறது. அமெரிக்கர்கள் அதை டக்சீடோ என்று ஆக்கியது பிறகு. முதலில் தைத்தது யார் என்று தையற்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். ஒரு ராத்திரிக்காக வாங்கவேண்டாம். இரண்டு நாள் முன்பே எடுத்து வீட்டில் போட்டுப் பாருங்கள், முக்கியமாக உட்கார்ந்து பாருங்கள். வில் டையை நீங்களே முடிச்சுப் போடத் தெரியவேண்டும் என்பதெல்லாம் பெரிய இடத்துப் பேச்சு. கொக்கி வைத்தது போதும்.

அல்லது அதெல்லாம் வேண்டாம், நம் உடையிலேயே போகலாம். பல அழைப்பிதழ்களில் ‘அல்லது தேசிய உடை’ என்று போட்டிருக்கும். அப்படி இல்லாவிட்டாலும் கறுப்பு அல்லது கருநீலத்தில் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டு போட்டவரை எந்த வாசலிலும் தடுத்து நான் பார்த்ததில்லை. பட்டு வேட்டி சட்டையில் போகலாமா என்றால், அழைப்பிதழில் தேசிய உடை என்று இருந்தால் தாராளமாக. இல்லாவிட்டால் ஒரு ஈமெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். சென்னையிலேயே 2014இல் வேட்டி கட்டிய ஒரு நீதிபதியை ஒரு கிளப் வாசலில் தடுத்து, அது சட்டசபை வரை போய், உடையைக் காரணம் காட்டி வேட்டியைத் தடுக்கக்கூடாது என்று அதே வருடம் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் பார்க் லேனில் செல்லாது. ஆனால் கேட்டுவிட்டுப் போனால் மரியாதையாகத்தான் நடத்துவார்கள். வேட்டி என்றால் வெல்க்ரோ வைத்ததாக இருக்கட்டும், காரணம் அடுத்து வருகிறது.

மனைவிக்குக் காஞ்சிபுரம் பட்டு. இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். அந்த ஹாலில் உள்ள பெரும்பாலான கவுன்கள் கறுப்பு, சாம்பல், கருநீலம். அதன் நடுவில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப் புடவை வந்தால் புகைப்படக்காரர்களே திரும்புவார்கள். ஆனால் படிக்கட்டைக் கவனியுங்கள். உங்கள் விருந்து கிராஸ்வெனர் ஹவுஸில் என்றால், அதன் கிரேட் ரூம் என்கிற ஹால் 1920களின் கடைசியில் ஐஸ் ஸ்கேட்டிங் தளமாகக் கட்டியது. பிற்பாடு மகாராணியான எலிசபெத் சின்னப் பெண்ணாக அங்கே ஸ்கேட்டிங் கற்றிருக்கிறார். இன்று சுமார் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடம். தளம் கீழே இருக்கிறது, சுற்றி மாடம். மாடத்திலிருந்து அகலமான படி வழியாக இறங்கவேண்டும், எல்லாரும் பார்க்க. புடவையின் முன் கொசுவத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கி, இன்னொரு கையில் கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள். பின் குத்திய முந்தானையாக இருக்கட்டும், உட்கார்ந்ததும் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். நாற்காலிக்குப் பின்னால் தரையில் கிடக்கும் முந்தானையை, இரு கையிலும் தட்டோடு பின்பக்கமாக நகரும் பரிமாறுகிறவன் மிதிக்காமல் இருக்கமாட்டான். நான் மிதித்திருக்கிறேன். அந்த அம்மாள் என்னைத் தமிழில் திட்டினார். நான் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அந்த மேசைக்கு ராத்திரி முழுக்க நான்தான்.

சரி, வீரர்கள். இவ்வளவு பக்கத்தில் அவர்களை இன்னொரு முறை பார்க்கப்போவதில்லை என்று உங்களுக்கு ஆசை இருக்கும், நியாயம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த ஹாலில் மிகக் குறைவாகச் சாப்பிடுவது சாம்பியன்தான். தட்டு வரும், ஒரு வாய் வைப்பார், தோளில் ஒரு கை விழும். எழுந்து சிரிப்பார், படம். உட்காருவார், அடுத்த கை. தட்டு அப்படியே திரும்பி வரும். ஒரு முறை ராத்திரி பதினொன்றரைக்கு, அந்த வருடம் நாடே கொண்டாடிய ஒருவர், எங்கள் சமையலறைப் பாதையில் வந்து நின்று, சாப்பிட ஏதாவது இருக்குமா என்று கேட்டார். கோப்பையைக் கொடுக்க இடம் தெரியாமல் கக்கத்தில் வைத்திருந்தார். ஆட்கள் எல்லாம் கிளம்பும் நேரம். செஃப் மூன்று முட்டையில் ஆம்லெட் போட்டார், கொஞ்சம் சிப்ஸ். தள்ளுவண்டி ஓரமாக நின்றபடியே, தட்டு கழுவுகிற பையனோடு பேசிக்கொண்டு சாப்பிட்டார். அந்தப் பையன் கேட்காமலே அவரே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகவே நேரம் பார்த்துப் போங்கள். மேசையில் உட்கார்வதற்கு முந்தைய அரைமணி நல்ல நேரம், வீரர்கள் அப்போது நின்றுகொண்டிருப்பார்கள். அதைவிட நல்ல நேரம் விருதுகள் முடிந்த பிறகு. பாதிக் கூட்டம் ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கும், ஜெயித்தவருக்கும் பாரம் இறங்கியிருக்கும். வாயில் உணவு இருக்கும்போதும், பக்கத்தில் வயதான தாய் தகப்பன் உட்கார்ந்திருக்கும்போதும் போகாதீர்கள். ஒரு படம், ஒரு நன்றி, நகர்ந்துவிடுங்கள். கோப்பையைக் கேட்காமல் தொடாதீர்கள். ‘நான் உங்கள் பரம ரசிகன்’ என்பதை அவர்கள் அன்றைக்கு இருநூறாவது முறையாகக் கேட்பார்கள். நீங்கள் டிவியிலோ மைதானத்திலோ பார்த்த ஏதாவது ஒரு ஆட்டத்தின் ஒரு தருணத்தைச் சொல்லுங்கள், நின்று பேசுவார்கள். தவறவிட்ட பெனால்ட்டியைப் பற்றி மட்டும் வேண்டாம்.

உங்கள் மேசையில் ஒரு பெரியவர் இருந்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டு, தமிழ்நாடு என்றதும் டென்னிஸ் பேச ஆரம்பித்தால் திகைக்கவேண்டாம். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்று, 1960இலும் 61இலும் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணனையும், 1973இலும் 81இலும் காலிறுதி ஆடிய விஜய் அமிர்தராஜையும் அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. எனக்கே இது பல முறை கைகொடுத்திருக்கிறது. காபி ஊற்றப் போன இடத்தில் கிருஷ்ணனின் பேக்ஹேண்டைப் பற்றிப் பாடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பரிசு யாருக்கு என்று முன்பே தெரியுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இங்கிலாந்துக் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கம் 1948இல் ஸ்டான்லி மேத்யூஸில் ஆரம்பித்துக் கொடுத்துவரும் விருதில், பெயரை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் விருந்து நடத்துகிறார்கள். விருந்து அவரைக் கௌரவிக்க, சஸ்பென்ஸுக்கு இல்லை. வீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கால்பந்து வீரர்கள் சங்க விருது 1974இல் நார்மன் ஹண்டருக்குக் கொடுத்ததில் தொடங்கியது. 2025இல் முகமது சலா அதை மூன்றாவது முறை வாங்கினார், ஆண்களில் வேறு யாரும் மூன்று வாங்கியதில்லை. அந்த விருது விழா கிராஸ்வெனர் ஹவுஸில் பல வருடம் நடந்து, சமீபமாக மான்செஸ்டருக்குப் போய்விட்டது. அங்கே மேடையில் உறையைப் பிரிப்பார்கள். ஆனால் ஜெயிக்காதவர் வராமல் போகலாம், ஜெயித்தவர் வராமல் போகக்கூடாது என்பது நடத்துகிறவர்களின் கவலை. அதனால் எப்படியோ ஒரு வாடை அடித்துவிடும். ஒரு மேசைக்கு மட்டும் புகைப்படக்காரர் அடிக்கடி போகிறாரா என்று பாருங்கள். ரகசியம் காப்பதால் வரும் கூத்தும் உண்டு. 2024 அக்டோபரில் பாரிஸில் உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் டி’ஓர் விழாவன்று, தங்கள் வீரர் வினிசியஸுக்குப் பரிசு இல்லை என்று காற்றுவாக்கில் தெரிந்ததும் ரியல் மாட்ரிட் அணியில் ஒருவரும் போகவில்லை. ஜெயித்த ரோட்ரி ஊன்றுகோலோடு மேடையேறி வாங்கினார்.

விம்பிள்டன் விருந்துதான் இதில் விசித்திரமானது. அங்கே யார் சாம்பியன் என்பது உலகத்துக்கே தெரியும், விருந்து எப்போது சூடுபிடிக்கும் என்பதுதான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் இறுதி ஆட்டம், அன்று ராத்திரியே விருந்து. 2019இல் ஜோகோவிச்சும் ஃபெடரரும் 4 மணி 57 நிமிடம் ஆடினார்கள். மாலை ஏழைத் தாண்டித்தான் முடிந்தது. அந்த ராத்திரி பரிமாறியவர்களை நினைத்து நான் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து பரிதாபப்பட்டேன். ஆண், பெண் சாம்பியன்கள் சேர்ந்து நடனமாடும் பழைய வழக்கம் பல வருடம் நின்றுபோயிருந்தது. 2015இல் லண்டனின் கில்ட்ஹால் மண்டபத்தில் ஜோகோவிச்சும் செரீனாவும் ஆடித் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025இல் அந்த வருட சாம்பியன்கள் சின்னரும் ஸ்வியாடெக்கும் ஆடினார்கள். அங்கே வெல்பவர் வீட்டுக்கு எடுத்துப்போவது முக்கால் அளவுப் பிரதிதான், அசல் கோப்பை கிளப்பை விட்டு நகராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏலம். இனிப்புக்கும் காபிக்கும் நடுவில் தர்மகாரியத்துக்காக ஏலம் விடுவார்கள். கையெழுத்துப் போட்ட ஜெர்சி, கையுறை, பேட். மேசையில் ஒரு டேப்லெட் வைத்திருப்பார்கள், விளையாட்டாக ஒரு எண்ணைத் தட்டிவிட்டால் அது வாக்குறுதிதான், மறுநாள் பணம் கேட்டு வருவார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படி வரும் பொருள்களில் பல, வெளி விற்பனையாளர் ஒருவர் அடிப்படை விலை வைத்துக் கொடுத்தவை. அந்த விலைவரை அவருக்கு, அதற்கு மேல் போவதுதான் தர்மத்துக்கு. எல்லா விருந்திலும் அப்படி என்று சொல்லமாட்டேன், வீரரே நேரடியாகக் கொடுத்த பொருளும் வரும். கேட்டால் சொல்வார்கள். உங்களுக்குத் தர்மம் செய்யவேண்டும் என்றால் மேசையில் இருக்கும் உறையில் பத்து பவுண்டு போட்டுவிடுங்கள், முழுசாகப் போய்ச் சேரும். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, தலையில் கை அல்லது பின்பக்கம் கை வைக்கச் சொல்லிப் பூவா தலையா விளையாட்டு ஒன்றும் நடத்துவார்கள். கூச்சப்படாமல் ஆடுங்கள். உலக சாம்பியன்களும் பின்பக்கம் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பீர்கள்.

திரும்பும் வழி. பக்கத்து ட்யூப் நிலையங்கள் மார்பிள் ஆர்ச்சும் ஹைட் பார்க் கார்னரும். ராத்திரி முழுக்க ரயில் ஓடுவது வெள்ளி, சனி மட்டும்தான். விருந்து வாரநாளில் என்றால் கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கோட்டு வாங்கிவைக்கும் இடத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் ஐந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். கடைசி விருது அறிவித்ததும், பாட்டு ஆரம்பிக்கும் முன், ஒருவர் போய் இரண்டு கோட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு நிதானமாக அந்தப் படத்தை எடுக்கலாம்.

கையெழுத்து வேண்டும் என்றால் தனியாக நோட்டு எதுவும் கொண்டுபோகவேண்டாம். மேசையில் உங்கள் இருக்கைக்கு முன்னால் அச்சடித்த மெனு அட்டை இருக்கும், அது உங்களுக்குத்தான், எடுத்துப்போகலாம். அதன் பின்பக்கம் காலியாக இருக்கும், அதில் வாங்குங்கள். பளபள அட்டையில் சாதாரண பால்பாயிண்ட் பேனா பிடிக்காது, கறுப்பு மார்க்கர் ஒன்றை மனைவியின் கைப்பையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். காயும்வரை ஒரு நிமிடம் மூடாமல் பிடித்துக்கொண்டிருங்கள்.